எதிர்ச்சரிவின் விளக்குகள்

மின்சாரம் நின்று திரும்பி வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் போவார்கள். அவர் மட்டும் வீட்டிலிருந்து வெளியே வருவார். மாவு மில் ஓடுமா, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறுமா, நாடகம் எந்த இடத்தில் நின்றது என்று ஊரே தத்தம் வேலைக்குத் திரும்பும் அந்த நேரத்தில், அவர் வாசலைக் கடந்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் போய், பள்ளத்தின் விளிம்பில் நின்று எதிர்ச்சரிவைப் பார்ப்பார். "எதுத்தாப்புல எரியுதா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் தன்னையே கேட்டுக்கொள்வார். எரிந்தால் ஒரு தலையசைப்போடு திரும்புவார். எரியாவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் இருந்த மேட்டை நோக்கி நடப்பார்.

கொல்லிமலையில், அரியூர் நாட்டில் அடங்கிய இரண்டு சிற்றூர்களின் கதை இது. அவற்றின் பெயர்களை நான் எழுதவில்லை; அங்கே இருந்தவர்கள் இன்னமும் அங்கேயே, ஒருவர் கூரையை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. அவருடைய பெயரையும் எழுதவில்லை. சமூகப்பணியில் பட்டம் பெற்று, மிளகு விவசாயிகளைக் குழுவாகச் சேர்க்கும் வேலைக்காக அடிவாரத்திலிருந்து மலையேறிய எனக்கு, அவர் தம் வீட்டின் முன்னறையை வாடகைக்கு விட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, உரக்கப் பேசும் மனிதர். ஊரில் அவரைக் 'கப்பக்காரரு' என்பார்கள். அவர் எந்தக் கப்பலிலும் வேலை செய்தவரல்லர். "கப்பல்ல ஒருவாட்டி போனேன் கண்ணு, அதுவும் போறப்ப முச்சூடும் வாந்தி" என்று அவரே திருத்துவார். திருத்தியும் பெயர் போகவில்லை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆழமான பள்ளம். அடியில் நெல் வயல்கள். சரிவுகளில் குச்சிக்கிழங்கும் மிளகும். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கைகளைக் குவித்துக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தில் கேட்கும். ஆனால் ஆளாகப் போய்ச் சேர வேண்டுமென்றால், இறங்கி ஏறுவதற்குள் இங்கே உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். மழைக்காலக் காலைகளில் பள்ளம் முழுவதும் மேகம் நிரம்பி, இரண்டு ஊர்களும் வெள்ளைப் பரப்பின்மேல் இரண்டு மேடுகளாக மட்டும் நிற்கும். அதைப் பார்த்து அவர், "கடலு ஏறிருச்சு. இன்னிக்கு எங்கக்கா ஊட்டுக்குப் படகுலதான் போகோணும்" என்பார். அவருடைய அக்காள் எதிரூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார்.

கடல் அவர் பேச்சில் வந்ததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் அவர் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலைக்குச் சேர்ந்தார். லாரி போன ஊருக்கெல்லாம் போனவர், ஒரு கட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவருடன் கடல் கடந்து, பெயர் அவர் வாயில் நுழையாத இரண்டு தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய தீவிலிருந்து சின்னத் தீவுக்குக் கடலடியில் மின்கம்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பி கரையேறும் இடத்தில் அலை அரித்துவிடாமல் இருக்க, மணலுக்கு அடியில் சாய்வாகத் துளை போட்டு அதற்குள் இழுக்க வேண்டும். அந்தத் துளை போடும் கூட்டத்தில் அவரும் ஒருவர். "நம்மூரு போரு நட்டுக்கா கீழ போகுமுங்க. இது படுத்துக்கிட்டே போகும், பாம்பாட்டம்" என்று கையைச் சாய்த்துக் காட்டுவார்.

ஆனால் அவர் அங்கிருந்து கொண்டுவந்தது கம்பியின் கதையை அல்ல, அந்தத் தீவுக்காரர்களின் கதையை. ஒரு தீவின் விளக்குகள் மற்றத் தீவுக்குத் தெரியும் அளவுக்கு அவை பக்கத்தில் இருந்தன. மீன் பிடிப்பதில் போட்டி, படகு விடுவதில் போட்டி, பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் போட்டி. 'எங்கள் தீவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டில் விளக்கு எரியப்போகிறது' என்று பெரிய தீவினர் கேலி செய்வார்களாம். 'வாலில்தான் மீனுக்கு ருசி' என்று சின்னத் தீவினர் திருப்புவார்களாம். அவர்களுடைய மொழி இவருக்குத் தெரியாது. கூட்டத்துக்குச் சமைத்துப் போட்ட பாலக்காட்டுக்காரர்தான் ஒவ்வொன்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

அவர் மிகவும் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கம்பி போட்ட சில மாதங்களில் ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்து அது அறுந்துபோனது. சின்னத் தீவு இருண்டது. மறுநாள் காலையில் பெரிய தீவிலிருந்து படகுகள் வரிசையாக வந்தன. கேலி செய்ய வருகிறார்கள் என்று கரையில் நின்றவர்கள் கல்லைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்களாம். வந்த படகுகளில் இருந்ததோ பனிக்கட்டிப் பாளங்கள். பிடித்து வைத்த மீன் கெட்டுவிடக் கூடாதென்று, கேட்காமலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அவிங்க யாரும் போன் பண்ணிக் கேக்கலீங்க," என்று அவர் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். "எதுத்தாப்புல பாத்தாங்க. இருட்டா இருந்துச்சு. ஐஸ் ஏத்திட்டாங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவருடைய முழு நம்பிக்கை. எதிரே இருப்பவனோடு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம். ஆனால் அவன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது. இதை அவர் ஒருநாளும் ஒரு கருத்தாகச் சொன்னதில்லை. பள்ளத்தின் விளிம்பில் போய் நின்று செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

நான் அங்கே போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மின்சாரம் அவருடைய ஊரோடு நின்றிருந்தது. எதிரூருக்கு வேறு வழியாகக் கம்பி கொண்டுபோகக் காட்டு நிலம் குறுக்கே கிடந்தது. இந்த ஊர் டிரான்ஸ்பார்மரிலிருந்தே, வயல்களின் ஊடாகக் கம்பங்கள் நட்டு, பள்ளத்தைக் கடந்து கொண்டுபோகலாம் என்றபோது, வயல்காரர்கள் சம்மதிக்க வேண்டியிருந்தது. "நம்மூரு வோல்டேஜே சாமியாடிக்கிட்டு இருக்குது, இதுல அவனுங்களுக்கும் பங்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். கப்பக்காரர் தீவுக் கதையை எடுத்தார். ஒரு தடவை அல்ல, வீடு வீடாக. கடைசியில், கதையை மறுபடி கேட்கச் சகிக்காமல்தான் சம்மதித்தோம் என்று இன்றும் சிலர் சொல்வார்கள்.

எதிரூரில் முதல் விளக்கு எரிந்த மாலையில், பள்ளத்துக்கு அப்பாலிருந்து முதலில் வந்தது அவருடைய அக்காளின் குரல்தானாம்.

"டேய் கப்பக்காரா! உன்ற ஊரு வெளிச்சத்துல கரப்பாம்பூச்சிகூடத் தெரியலடா!"

"தெரிஞ்சா நீ பயந்துக்குவியேன்னுதாங்க்கா கம்மியா அனுப்பிச்சோம்!"

மின்சாரத்தோடு போட்டியும் பள்ளத்தைக் கடந்தது. இரண்டு ஊருக்கும் மாரியம்மன் திருவிழாவான நோம்பி ஒரே நாளில் வரும். இரண்டு ஊர்களும் கோயிலுக்கும் மரங்களுக்கும் சீரியல் விளக்குகள் கட்டத் தொடங்கின. அதில் ஒரு விசித்திரம் இருந்தது. விளக்குகளைச் சரிவின் முகப்பில், எதிரூரைப் பார்த்தபடி கட்டுவார்கள். கட்டியவர்களுக்குப் பின்பக்கத்துக் கம்பிகளும் முடிச்சுகளும்தான் தெரியும். மயிலாகவும் கோபுரமாகவும் அது விரிவது எதிரூர்க்காரர்களின் கண்ணுக்கு மட்டுந்தான். தன் ஊர் அழகை ஒருவன் பார்க்க வேண்டுமென்றால் போட்டிக்காரனின் ஊரில் போய்த்தான் நிற்க வேண்டும். ஆகவே யார் வென்றார்கள் என்பது ஒவ்வொரு ஆண்டும் தகராறாயிற்று. ஓர் ஆண்டு அது வயலில் கைகலப்பாகி, ஒருவருக்கு மண்டை உடைந்தது.

அப்போது அவர்தான் ஒரு வழி சொன்னார். அதுவும் தீவிலிருந்து வந்ததுதான். அங்கே திருவிழா நாளில் இரண்டு கரைகளும் விளக்குப் போட்டுக்கொள்ளும். எதிர்க்கரை தன்னைவிட நன்றாக இருப்பதாக எந்தக் கரை நினைக்கிறதோ அது வீட்டு விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதுதான் தோல்வியை ஒப்புக்கொள்ளும் மரியாதை என்று அந்தச் சமையல்காரர் சொல்லியிருந்தாராம். ஒரு கரை சட்டென்று இருண்டதையும் மறுகரை ஆர்ப்பரித்ததையும் இவர் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பெரியவர்கள் யோசித்தார்கள். எதிரியின் வாயாலேயே தீர்ப்பு வரும் என்பதால் அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு மண்டைகள் உடையவில்லை. ஒரு பூசலை இவ்வளவு எளிதாக யாரும் தீர்த்து நான் கேட்டதில்லை என்று, மலையேறிய புதிதில் என் அலுவலகத்துக்கு எழுதிய குறிப்பிலும் அவரைப் புகழ்ந்திருந்தேன்.

நான் அங்கிருந்த முதல் நோம்பியில் எதிரூர் தோற்றது. அவர்களுடைய விளக்குகள் அணைந்ததும் எங்கள் பக்கம் பறையும் வெடியுமாகக் கிளம்பியது. இவர் மட்டும் பழக்கம் விடாமல் டிரான்ஸ்பார்மர் மேட்டுக்கு ஓடினார். எங்கள் ஊருக்கு ஒரு பீஸ் கட்டை, எதிரூருக்கு ஒரு பீஸ் கட்டை; மின்வாரியத்து ஆள் வந்து சேர நாளாகும் என்பதால் அது போனால் கம்பி மாற்றிப் போடும் வேலையை, சரியோ தவறோ, இவர்தான் செய்துகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பறையை நிறுத்தச் சொல்லிக் கையசைத்து, பள்ளத்தைப் பார்த்துக் கூவினார்:

"பீஸ் நல்லாத்தானுங்க இருக்குது! என்னாச்சு?"

 பிறகு எதிரூரிலிருந்து ஒரு குரல், வேண்டாவெறுப்பாக: "தோத்துட்டோமுங்க! அதையும் வாயால சொல்லோணுமா?"

இரண்டு சரிவுகளும் சிரித்தன. அந்த ஆண்டு முழுவதும் அந்த வாக்கியம் அவரைத் துரத்தியது. டீக்கடையில் யாராவது சோர்ந்து உட்கார்ந்திருந்தால், "பீஸ் நல்லாத்தானுங்க இருக்குது, என்னாச்சு?" என்பார்கள். பேருந்து மலையேற்றத்தில் நின்றுவிட்டால் ஓட்டுநரிடம் அதையே கேட்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் உள்ளே எங்கோ அவருக்கு அது தைத்திருந்தது என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய அக்காளுக்கு நெஞ்சு கெட்டது. காலமெல்லாம் அடுப்புப் புகையில் வெந்த நுரையீரல் என்றார் மருத்துவர். நடந்தால் மூச்சு இல்லை. பிறகு உட்கார்ந்தாலும் இல்லை. மூக்கில் குழாய் வைத்து, மின்சாரத்தில் ஓடி, அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மின்சாரம் நின்றால் சமாளிக்க ஒரு சின்னச் சிலிண்டரும் இருந்தது. அதற்குப் பிறகு இவர் பள்ளத்தின் விளிம்பில் நிற்பதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. மின்தடை இல்லாத நாளிலும் போய் நின்றார்.

"எல்லாத்துக்கும் மூச்சு காத்துல வருது கண்ணு," என்று ஒருநாள் கம்பங்களைக் காட்டிச் சொன்னார். "எங்கக்காவுக்கு அந்தக் கம்பியில வருது."

நோம்பி நெருங்கியபோது, இந்த ஆண்டு விளக்குப் போட்டி வேண்டாம் என்று நானும் அவரும் எதிரூருக்குப் போய்ப் பேசினோம். கம்பி தாங்காது, அக்காளுக்கு ஆபத்து என்றேன். அங்கிருந்த இளைஞர்கள், தங்களுக்காக எங்கள் ஊர் விளக்கைக் குறைத்துக்கொள்வதா என்று முகம் சுளித்தார்கள். "நீங்க பாவம் பாத்து வுட்டுக் குடுத்தீங்கன்னா, அப்புறம் நாங்க ஜெயிச்சாத்தான் என்ன, தோத்தாத்தான் என்னங்க?" என்றார் ஒருவர். கட்டிலில் குழாயோடு சாய்ந்திருந்த அக்காள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, தம்பியைத் திட்டினார்.

"நோம்பிக்கு வெளக்குப் போடாத ஊருல... நான் எதுக்குடா மூச்சு வுடோணும்? போடச் சொல்லு. சன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாக்கறேன். உன்ற ஊரு மயிலு போன வருசம்... கோழியாட்டம் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே ஒரு சமரசத்துக்கு வந்தோம்: இரண்டு ஊர்களும் வீட்டுக்கு ஒரு சரம் மட்டும் போட்டுக்கொள்வது, வாடகைக்கு எதையும் கொண்டுவராதது. அந்தச் சமரசத்தை இரண்டு ஊர்களுமே மீறின. எங்கள் பக்கத்து இளைஞர்கள் நாமக்கல்லிலிருந்து ஒரு விளக்கு வளைவை வரவழைத்துக் கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். எதிரூரினர் ஒரு கோபுரத்தையே கொண்டுவந்திருந்தார்கள். மற்றவன் வாக்கைக் காப்பான், நாம் மட்டும் கொஞ்சம் மீறினால் கம்பி தாங்கும் என்று இரு தரப்பும் நினைத்தது. அதில் வஞ்சம் இல்லை. ஒருவரை ஒருவர் வியக்க வைக்கும் ஆசைதான் இருந்தது. அதனாலேயே, யாரைக் குற்றஞ்சொல்வதென்று நான் பலமுறை எண்ணிப் பார்த்தும் எனக்கு ஒரு முகம் அகப்படவில்லை.

பொழுது சாய்ந்து, இருட்டு இறங்கத் தொடங்கியதும் இரு சரிவுகளும் ஒளிர்ந்தன. எதிரே எழுந்த கோபுரத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் வாயடைத்து நின்றார்கள். நாம் அணைத்துவிடலாமா என்று பெரியவர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்ச்சரிவு முழுவதும் சட்டென்று இருண்டது.

ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு ஊரே கத்தியது. வெடிகள் கிளம்பின, பறை வெறிகொண்டது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "இருங்கடா, பீஸைப் பாத்துட்டு வாரேன்."

"ஏனுங் மாமா, போன வருசம் பட்ட அசிங்கம் பத்தாதுங்களா?" என்று ஓர் இளைஞன் அவர் தோளைப் பிடித்தான். "எங்க வளைவைப் பாத்து அமத்திட்டானுங்க. ஒருநாளாவது ஜெயிச்சோமுன்னு ஒத்துக்குங்க!"

"நீங்க கொண்டாந்த சட்டந்தானுங்களே!" என்றான் இன்னொருவன்.

"அக்காவுக்கு..." என்று தொடங்கினார்.

"அதுக்குத்தான் சிலிண்டரு இருக்குதுல்லீங்க. அணைக்கறவன் அதைப் பாக்காமயா அணைப்பான்?"

அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலே போனதும் அவர் முகம் மாறியது, சிரித்துவிட்டார். வாய்விட்டு, வெட்கத்தோடு. எதிர்ச்சரிவுக்கு முதுகைக் காட்டி அவர் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

சற்றைக்கெல்லாம் எதிரே தீப்பந்தங்கள் தோன்றின. ஒன்று, இரண்டு, பிறகு ஏழெட்டு. மேலும் கீழுமாக ஆடின. "பந்தம் புடிச்சு நம்மள வாழ்த்தறானுங்க பாரு!" என்று யாரோ சொல்ல, எங்கள் பக்கமும் பந்தங்கள் கொளுத்தப்பட்டன. நாங்கள் ஆட்ட ஆட்ட அவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். அவர்கள் கூப்பிட்டிருக்க வேண்டும். பறையிலும் வெடியிலும் எதுவும் கேட்கவில்லை. கைப்பேசிகளிலும் அழைத்திருக்கிறார்கள், அவை சட்டைப் பைகளில் ஒலித்து அடங்கியதை நாங்கள் பிறகுதான் பார்த்தோம். அவரும் ஒரு பந்தத்தை வாங்கி, தோளில் இருந்தபடியே எல்லோரையும்விட உயரமாக வீசினார்.

"எங்கக்கா பாக்கட்டும்!" என்றார்.

சிலிண்டர் தீர்ந்திருந்தது. முந்தைய நாட்களின் மின்தடைகளில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிட, நோம்பி முடிந்ததும் அடிவாரத்துக்கு எடுத்துப்போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று அக்காளின் கணவர் வைத்திருந்தார். கோபுரத்தின் சுமை தாங்காமல் எதிரூரின் பீஸ் போயிருந்தது. அதை மாற்றிப் போடும் இடம் எங்கள் பக்கத்தில் இருந்தது. அதை மாற்றத் தெரிந்த மனிதர் எங்கள் தோள்மேல் இருந்தார்.

பள்ளத்தில் இறங்கி ஏறி வந்த எதிரூர் இளைஞன் ஒருவன் கூட்டத்துக்குள் விழுந்தபோது, அவன் கால்கள் முள் கிழித்து ரத்தமாக இருந்தன.  டிரான்ஸ்பார்மரைக் கையால் காட்டினான். பறைகள் ஒவ்வொன்றாக நின்றன.

அவர் தோளிலிருந்து எப்படி இறங்கினார் என்று எனக்கு நினைவில்லை. ஓடியது நினைவிருக்கிறது. பீஸ் கட்டையை அவர் திரும்பச் சொருகியதும், எதிர்ச்சரிவு முழுவதும் ஒரே வீச்சில் எரிந்தது. அந்தக் கோபுரம், அடுக்கு அடுக்காக, நீலமும் சிவப்புமாக எழுந்து நின்றது. எங்கள் வளைவு அதற்கு ஈடே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வெளிச்சம் வந்து சேர்ந்தபோது அவருடைய அக்காளுக்கு உயிர் இல்லை.

மறுநாள் அடக்கத்துக்கு எங்கள் ஊரே பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் எல்லோரும் போனோம். யாரும் அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. அழுதுகொண்டு காலில் விழுந்த எங்கள் இளைஞர்களை அவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். அக்காளின் கணவர் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் என்று நினைத்து ஒன்று சொன்னார்.

"உங்கக்கா பயந்துக்கிட்டுப் போகல மச்சான். கடைசி வரைக்கும் சன்னலைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க பந்தத்தை ஆட்டுனீங்கல்ல, அதைப் பாத்துருச்சு. 'எந்தம்பி பாத்துட்டான், இப்பப் போட்டுருவான், யாரும் கத்தாதீங்க'ன்னு சொல்லுச்சு. அதான் ரெண்டாவது ஆளை நாங்க அனுப்பல. ஆஸ்பத்திரிக்குப் போக வேற ஊட்டுல ஜீப்பு கேக்கவும் போகல."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.  அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் மின்சாரம் வந்தாலும் போனாலும் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பீஸ் போடும் வேலையை விட்டுவிட்டார். எதிரூரின் விளக்கு அணைந்தால் இப்போது ஊரே பதறி மேட்டுக்கு ஓடியது. அவர் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருநாள், நான் அறைக்குத் திரும்பியபோது, முன்பின் தொடர்பில்லாமல் கேட்டார்: "அந்தத் தீவுல அன்னிக்கு வெளக்கு அமந்துச்சே கண்ணு... அது தோத்ததுக்கு இல்லாம, கரண்டே போயிருக்குமோ? அந்தப் பாலக்காட்டான் வெளையாட்டுக்குச் சொன்னதை நான் நெசமுன்னு நம்பிட்டனோ?"

இருக்காது என்றேன். இருக்காது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு, காட்டு நிலத்துக்கு அனுமதி வந்து, எதிரூருக்கு வேறு வழியாகத் தனிக் கம்பியும் தனி டிரான்ஸ்பார்மரும் கிடைத்தன. பள்ளத்தைக் கடக்கும் பழைய கம்பியை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு அது தவறாகப் பட்டது. ஒன்று நின்றால் மற்றொன்று உதவும்படி இரண்டையும் வைத்திருப்பதுதான் அறிவு. நடந்த துயரம் கம்பியால் வந்ததல்ல. இதை மின்வாரிய அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல அவரும் கூட வந்தால் மதிப்பு இருக்கும் என்று நினைத்து அவரிடம் பேசினேன்.

"ரெண்டு வழி இருந்தா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமுங்கண்ணா."

"இருக்குமுன்னு நெனைப்பாங்க," என்றார்.  "கம்பி இல்லீன்னா எங்கக்கா என்னைய நம்பிப் படுத்திருக்காது கண்ணு. வேற ஆளைக் கூப்புட்டிருக்கும். எடுத்துப் போடட்டும். இனி யாரும் யாரையும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

நான் படித்த படிப்பு முழுவதும் அதற்கு எதிரான பதிலை எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் அவர்முன் எடுத்து வைக்க முடியவில்லை.

கம்பியை அவிழ்த்த நாளில் அது வயல்களில், நடவு முடிந்த நாற்றின்மேல் விழுந்துவிட்டது. பயிர் நசுங்காமல் எடுக்க இரண்டு ஊர் ஆட்களும் இறங்கினார்கள். அவர்கள் பக்கத்துக் கம்பியை அவர்கள் சுருட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கம்பியை நாங்கள் சுருட்டினோம். எல்லாச் சுருள்களும் எங்கள் பக்கம் நின்ற மின்வாரிய வண்டிக்கு வர வேண்டும். நான் எவ்வளவோ கேட்டுக்கொண்ட பிறகு அவரும் இறங்கி வந்து, ஓடைக்கு இந்தப் பக்கத்து வரப்பில் நின்றிருந்தார். அக்காளின் கணவர் தம் சுருளைத் தோளில் சுமந்து ஓடையைக் கடந்து வந்து, "புடிங்க மச்சான்" என்று நீட்டினார்.

அவர் கையை நீட்டவில்லை. கீழே வைக்கும்படி கண்ணால் தரையைக் காட்டினார். பெரியவர் சற்று நேரம் சுமையோடு நின்றார். பிறகு குனிந்து அதைச் சேற்றில் வைத்துவிட்டு, துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டு, மேலே ஏறத் தொடங்கினார்.